அரை அங்குல உறுமி

சதாசிவத்துக்கு உறுமி அடிக்கத் தெரியுமா என்று பேராக் மாநிலத்தில் யாரும் கேட்டதில்லை. அடிக்காமல் இருக்கத் தெரியுமா என்று முதன்முதலாகக் கேட்டது நேரடி இசைப் பாதுகாப்புப் பேரவைதான்.

எல்லாம் அவருடைய மகள் தினேஸ்வரியின் கல்யாணத்தில் ஆரம்பித்தது. மாப்பிள்ளை ஷர்வின் வீட்டார் ஒரு வருஷத்துக்கு முன்பே ஈப்போவில் மதிய விருந்துக்கு மண்டபம் பிடித்துவிட்டார்கள். பத்திரிகை அடித்துக் கொடுத்தும் ஆயிற்று. அப்பாவிடம் தினேஸ்வரி கேட்டது ஒன்றே ஒன்று.

"நான் மண்டபத்துக்குள்ள நடந்து வரும்போது நீங்கதான்பா உறுமி அடிக்கணும். வேற பாட்டெல்லாம் வேணாம்."

"இதெல்லாம் ஒரு கேள்வியா லா," என்றார் சதாசிவம். வாரநாளில் சிலிபினிலிருந்து லகாட் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறவர் அவர். திருவிழா வந்துவிட்டால் உறுமியும் கையுமாகக் கோயில் கோயிலாகப் போய்விடுவார். முப்பது வருஷமாக ஊர்ப்பிள்ளைகள் கல்யாணத்துக்கெல்லாம் அடித்தவருக்குத் தன் பிள்ளைக்கு அடிக்க அனுமதி வேண்டும் என்று தோன்றவே இல்லை.

வேண்டும் என்பது கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தெரிந்தது. மண்டபம் பேரவைக்குச் சொந்தம். பேரவையின் கலைஞர் அட்டை இல்லாதவர் அதற்குள் ஒரு டம்ளரைக்கூடத் தாளம் போட்டுத் தட்டக்கூடாது.

பேரவையின் அலுவலகம் பழைய டவுனில் ஒரு மசாலைத்தூள் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. செயலாளர் புஷ்பலதா அரசாங்கத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஓய்வு பெற்றது சம்பளம் மட்டும்தான், கிராணி பெறவில்லை. அவர் நான்கு பக்கப் பாரம் ஒன்றை நீட்டினார். சதாசிவம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார்.

"பேரு, ஐ.சி. நம்பர், வாத்தியம் எல்லாம் எழுதிட்டேன்க்கா. இதென்ன, 'நேரடி இசையைப் பென்டிரைவில் இணைக்கவும்'னு போட்டிருக்கு?"

"ஆமா. இணைங்க."

"நேரடின்னா நான்தானே வருவேன்?"

"நீங்க வாங்க. உங்கள யாரு வேணாம்னா? இசை முன்னாடியே வந்துரணும்."

சதாசிவம் பாரத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்திலும் அதுவேதான் மலாயில் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்த புஷ்பலதாவுக்கு இரக்கம் வந்து, டத்தோ பட்டம் வாங்கிய தலைவர் கோகிலனின் அறைக்கு அனுப்பிவைத்தார்.

டத்தோ கோகிலன் ஒரே ஆளிடம் பேசினாலும் எழுந்து நின்றுதான் பேசுவார்.

"சதாசிவம், இந்தப் பேரவையை எதுக்கு ஆரம்பிச்சோம்? மேடையில பதிவு பண்ணின பாட்டைப் போட்டுட்டு வாயசைக்கிறவங்கள ஒழிக்க. ஒழிச்சோம். எல்லாரையும் நேரடியா வாசிக்க விட்டோம். என்னாச்சு? ஒரு பாடகர் சிறப்பு விருந்தினர் முன்னாலயே இருமிட்டாரு. ஒரு மிருதங்கக்காரர் உற்சாகமாயி மூணு நிமிஷம் கூட வாசிச்சதுல விருந்துக்கு வச்ச மீ கோரெங் ஆறிப்போச்சு. அன்னைக்குத்தான் எங்களுக்குப் புரிஞ்சது, நேரடி இசைக்குப் பெரிய ஆபத்தே வாசிக்கிறவங்கதான்னு."

"அப்ப நான் வாசிக்க வேணாமா, டத்தோ?"

"கட்டாயம் வாசிக்கணும்! வாசிக்கிறதுல பிழை வராம பாத்துக்கிறது மட்டும்தான் எங்க பொறுப்பு. தோட்டத்துல நம்ம முன்னோர்கள் கரண்டு இல்லாத கொடுமையில, பாவம், கையாலேயே அடிச்சு வாசிச்சாங்க. அந்த நிலைமை உங்களுக்கு வரக்கூடாது. அதுக்காகத்தான் நான் இருபது வருஷமா உழைக்கிறேன்."

சொல்லும்போது டத்தோவின் குரல் தழுதழுத்தது. சதாசிவம் வேறு வழி தெரியாமல் நன்றி சொன்னார்.

அடுத்த வாரம் பேரவையின் ஒலிப்பதிவாளர் கோலின் அவரை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து அடிக்கச் சொன்னான். சதாசிவம் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். உறுமியின் உயிர் அதன் இடப்பக்கத்தில் இருக்கிறது. வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தி இழுத்தால் வயிற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு முனகல் எழும். அதைக் கேட்டுத்தான் சாமி வரும், பெண்ணழைப்பில் மாமன்மார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். அன்றும் அது நன்றாகவே எழுந்தது.

கோலின் மடிக்கணினியைத் தட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஊம்ம்னு வருதே, அதையும் கூட வந்த அடியையும் சேர்த்துக் கம்ப்யூட்டர் இரைச்சல்னு நெனச்சுத் துடைச்சிருச்சு."

"மிச்சம் என்ன இருக்கு?"

மிச்சம் இரண்டு இருந்தன. ஒன்று சதாசிவத்தின் பெருமூச்சு. மற்றொன்று தெருவில் போன மோட்டார் சைக்கிள். தேர்வுக் குழு இரண்டையும் கேட்டது. மோட்டார் சைக்கிள் தாளத்தோடு போவதாக டத்தோ கோகிலன் அபிப்பிராயப்பட்டார். ஆனால் அதன் ஓட்டுநர் பேரவையில் பதிவு செய்யாதவர் என்று புஷ்பலதா சுட்டிக்காட்டியதால் அதுவும் தள்ளுபடியானது. முடிவில், கோலின் எப்போதோ கீபோர்டில் செய்துவைத்திருந்த 'அங்கீகரிக்கப்பட்ட உறுமி, எண் நான்கு' என்ற பதிவைச் சதாசிவத்தின் நேரடி இசையாக ஏற்றுக்கொண்டார்கள். அது இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி ஓடும்.

"இது உறுமி மாதிரியே இல்லையே, தம்பி," என்றார் சதாசிவம்.

"மாதிரி இல்லாட்டியும் பாஸ் ஆயிருச்சுண்ணே," என்றான் கோலின்.

அப்புறம்தான் உண்மையான சிக்கல் தலைதூக்கியது. பதிவு ஓடும்போது மேடையிலிருக்கும் வாத்தியம் சத்தம் போடக்கூடாது. பாடகர் என்றால் மைக்கை அணைத்துவிடலாம். புல்லாங்குழல்காரர் ஊதாமல் இருந்துகொள்வார். வயலின்காரருக்கு வில்லில் சோப்புத் தடவிக் கொடுப்பது பேரவையின் வழக்கம். உறுமியை என்ன செய்வது? அது தொட்டால் சத்தம் போடும். இந்தக் குணக்கேட்டை ஆராய மூன்று கூட்டங்கள் கூடின. முதல் கூட்டத்தில் உறுமிக்குள் பஞ்சு அடைத்தார்கள், அது ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி முனகியது. இரண்டாவது கூட்டத்தில் துண்டு சுற்றினார்கள். சிறப்பு விருந்தினர் அதைக் கைக்குழந்தை என்று நினைத்துவிடக்கூடும் என்று ஆட்சேபம் வந்தது. மூன்றாவது கூட்டத்தில் அரை அங்குல விதி பிறந்தது. குச்சி எவ்வளவு வேகமாக இறங்கினாலும் தோலுக்கு அரை அங்குலம் மேலே நின்றுவிட வேண்டும்.

சனிக்கிழமைதோறும் மௌன வாசிப்புப் பயிற்சி நடந்தது. புஷ்பலதா மர ரூலரோடு பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். முப்பது வருஷமாகத் தோலைத் தேடிப் போன கை, போன வேகத்தில் போய்த் தொட்டுவிடும். 'டொம்' என்று கேட்டதும் புஷ்பலதா நெற்றியைச் சுருக்கி ஒரு கோடு போடுவார். முதல் சனிக்கிழமை நூற்றுப் பன்னிரண்டு கோடு விழுந்தது.

வீட்டிலும் சதாசிவம் பழகினார். சமையலறை வாசலில் உட்கார்ந்து இரண்டு குச்சிகளையும் காற்றில் ஆட்டிக்கொண்டிருந்தவரை அவர் மனைவி மங்களம் குழம்புக் கரண்டியோடு வந்து பார்த்தார்.

"என்னங்க, ஈ ஓட்டுறீங்களா?"

"வாசிக்கிறேன்."

"சத்தமே கேக்கலையே."

"அப்பிடின்னா நல்லா வாசிக்கிறேன்னு அர்த்தம்."

 மங்களம் போய் அடுப்பைக் குறைத்தார்.

அட்டைக்கான பரீட்சை, பேரவையின் ஆண்டுவிழாவில். 'நேரடி இசைப் பெருவிழா' என்று வாசலில் பேனர் கட்டியிருந்தது. ஞாயிறு மதியம், முந்நூறு பேர். சதாசிவத்தின் முறை வந்ததும் கோலின் எண் நான்கை ஓடவிட்டான். அலமாரி அளவு ஸ்பீக்கர்கள் இரண்டும் அதிர்ந்தன. சதாசிவம் அரை அங்குலத்தில் வாசித்தார்.

யாரும் எதிர்பாராதது ஒரு நிமிஷம் கழித்து நடந்தது. பத்து காஜா என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ராக்காயி என்ற பெண்ணுக்கு, உட்கார்ந்த இடத்தில் சாமி வந்துவிட்டது.

வருஷா வருஷம் அவள் ஊர்க் கோயிலில் சதாசிவத்தின் உறுமிக்குத்தான் அம்மன் இறங்குவாள். எதிரே அவர் இருக்கிறார், கை ஆடுகிறது, சத்தமும் ஏதோ வருகிறது. இதில் அம்மனைக் குற்றம் சொல்ல முடியாது. ராக்காயி தலையை விரித்துப்போட்டுக்கொண்டு மேடைக்கு முன்னால் வந்து ஆடினாள். உறுமிக்காரன் அம்மனின் காலைப் பார்த்து அடிக்க வேண்டும். கால் ஓடினால் கூட ஓடி, தளர்ந்தால் தானும் தளர்ந்து, கடைசியில் பதமாக இறக்கி மலையேற்ற வேண்டும். எண் நான்குக்குக் கால் தெரியாது. இரண்டு நிமிஷம் நாற்பதாவது விநாடியில் அது பட்டென்று நின்றது. அம்மன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள்.

"ஏண்டா நிறுத்துன?" என்றாள் அம்மன்.

 புஷ்பலதா கோப்போடு கிட்டே போனார். "அம்மா, நிகழ்ச்சி நிரல்ல உங்களுக்கு நேரம் ஒதுக்கலையே. அடுத்த வருஷம் முன்கூட்டியே சொன்னீங்கன்னா..."

அம்மன் அவரைப் பார்க்கவே இல்லை. சதாசிவத்தைப் பார்த்தாள்.

"நீ அடிடா."

சதாசிவத்தின் குச்சி தோலுக்கு அரை அங்குலம் மேலே நின்றது. பக்கத்தில் பேரவையின் பரீட்சகர் ஒருவர் ரூலரோடு குனிந்திருந்தார். அடித்தால் அட்டை இல்லை. அட்டை இல்லையென்றால் தினேஸ்வரிக்கு உறுமி இல்லை. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. அதுகூடத் தோலில் விழுந்து சத்தம் போட்டுவிடக்கூடாது என்று தலையைத் திருப்பிக்கொண்டார்.

அம்மன் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு வேறு வழியில்லாமல் காலைக் கீழே வைத்து, ராக்காயியாகவே ஆகி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

சதாசிவத்துக்குச் சிறப்புத் தேர்ச்சி. "அம்மனே கேட்டும் அடிக்காத கலைஞரை இந்தப் பேரவை உருவாக்கியிருக்கிறது," என்று டத்தோ கோகிலன் மைக்கில் அறிவித்தபோது கைத்தட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. சதாசிவம் அட்டையை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார்.

"மங்களம், கல்யாணத்துல நான் அடிக்கப் போறேன்."

"அடிக்கத்தானே அட்டை வாங்குனீங்க?"

"இல்ல. நெசமாவே அடிக்கப் போறேன்."

மங்களத்துக்குப் புரிந்தது. "விதியை மீறினா விருந்தப் பாதியில நிறுத்தி மண்டபத்தப் பூட்டுவோம்னு ஒப்பந்தத்துல போட்டிருக்குன்னு சொன்னீங்களே. சம்பந்தி வீட்டுக்காரங்க கையக் கழுவாம எந்திரிச்சு நிக்கணுமா?"

"ஸ்பீக்கர் போடுற சத்தத்துல யாருக்கும் கேக்காது."

"யாருக்கும் கேக்காட்டி எதுக்குங்க அடிக்கணும்?"

 "அடிக்கணும் லா," என்றார் சதாசிவம்.

கல்யாண விருந்தன்று டத்தோ கோகிலன் முன்வரிசை மேசையில் இருந்தார். மண்டபம் எடுத்தால் தலைவர் குத்துவிளக்கு ஏற்றுவது அதோடு சேர்ந்தே வரும். தினேஸ்வரி வாசலில் வந்து நின்றதும் எண் நான்கு ஆரம்பித்தது. சதாசிவம் மேடை ஓரத்தில் நின்று, உறுமியில் சுற்றியிருந்த மல்லிகைச் சரத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு, அரை அங்குலத்தைத் தாண்டினார்.

அவர் சொன்னபடியே யாருக்கும் கேட்கவில்லை. அவருக்கே கேட்கவில்லை. கையில் அதிர்வு மட்டும் இருந்தது. ஸ்பீக்கர் ஒரு வேகத்தில் போக, அவர் மகளின் காலைப் பார்த்து இன்னொரு வேகத்தில் போனார்.

தினேஸ்வரி பாதி வழியில், பதினாலாவது மேசையருகே நின்றுவிட்டாள். தோழிகளோடு போன் பார்த்துச் சிரித்தாள். சேலை மடிப்பைச் சரிசெய்தாள். யாரோ அத்தையின் கன்னத்தைத் தொட்டாள். "மாப்பிள்ள காத்திருக்காருடி, நட," என்று ஒரு கிழவி சத்தம்போட்டாள். அவள் நடக்கவில்லை. எண் நான்கு தன் நேரம் முடிந்து நின்றுவிட்டது.

உறுமி நிற்கவில்லை.

ஸ்பீக்கர் ஓய்ந்த இடத்தில் அந்த முனகல் தரையோடு ஊர்ந்து வந்து மேசைக் கால்களுக்கிடையே புகுந்தது. நாசி பிரியாணித் தட்டில் வைத்த கைகள் அப்படியே நின்றன. தினேஸ்வரி சேலையைப் பிடித்துக்கொண்டு முதல் அடி வைத்தாள். அவள் வைத்த அடிக்கு ஒரு அடி. அவள் திரும்பிப் பார்த்தால் அது காத்திருந்தது. மேடைப் படியில் ஏறும்போது சேர்ந்து ஏறியது. பின்னால் ஷர்வினின் மாமன்மார் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு ஆடிக்கொண்டு வந்தார்கள். இப்படியே ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி.

மங்களம் டத்தோவைப் பார்த்தார். டத்தோ எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். "கோலின், இந்த நீண்ட பதிவு பிரமாதம்! எங்ககிட்ட ஏன் முன்னாடியே போட்டுக் காட்டல?"

அப்படி ஒரு நீண்ட பதிவே கிடையாது என்பதைப் புஷ்பலதா அடுத்த வாரம் கண்டுபிடித்தார். சதாசிவத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. 'பதிவு முடிவடைந்த பின் ஒரு நிமிடம் ஐம்பது விநாடிக்கு மண்டபத்தில் சத்தம் இருந்ததாகத் தெரியவருகிறது. அதற்கும் தங்களுக்கும் தொடர்பு உண்டா? வாத்தியத்துடன் விசாரணைக்கு வரவும்.'

"கூட நானும் வாரேன்பா," என்றாள் தினேஸ்வரி.

விசாரணை அறையில் டத்தோ, புஷ்பலதா, மடிக்கணினியோடு கோலின். ஆதாரம் கல்யாண வீடியோ. எடுத்தவன் ஷர்வினின் தம்பி முறை, தனேஷ். ஓடவிட்டார்கள். திரையில் தினேஸ்வரி நடந்து வந்தாள். சதாசிவத்தின் கை ஆவேசமாக ஏறி இறங்கியது. சத்தமாக வந்ததோ ஒரு சினிமாக் காதல் பாட்டு. பெண் குரல், பின்னணியில் வயலின், நடுவில் குயில். கல்யாண வீடியோ என்றால் பாட்டு ஏற்றித்தான் கொடுப்பது வழக்கம். அசல் சத்தத்தை இடம் அடைக்கிறது என்று தனேஷ் அழித்துவிட்டான். விருந்தாளிகள் போனில் எடுத்தது பேரவையில் செல்லாது. அவர்களும் பாட்டு ஏற்றித்தான் போட்டிருந்தார்கள்.

டத்தோ கோகிலன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "குயில் சத்தம் இருக்கு. உறுமிச் சத்தம் இல்ல. சதாசிவம், நீங்க குற்றமற்றவர். கை தோலத் தொடுற மாதிரியே இருக்கே, என்னா பாவனை!"

"தொட்டுச்சு, டத்தோ. நான் அடிச்சேன்."

"அடக்கம் வேணாம்."

"அடக்கம் இல்ல. நெசமாத்தான். என் பிள்ளைக்கு நான்தான் அடிச்சேன். அட்டைய எடுத்துக்குங்க. அடிச்சேன்னு மட்டும் எழுதிக் குடுங்க."

"ஆதாரம் இல்லாம ஒரு கலைஞர் மேல நாங்க பழி போட முடியாது," என்றார் டத்தோ கண்டிப்பாக.

புஷ்பலதா ஒரு தாளைத் தள்ளினார். 'மேற்படி நாளில் என் வாத்தியத்திலிருந்து எந்தச் சத்தமும் எழவில்லை என உறுதி கூறுகிறேன்.'

"இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்க்கா."

"பரவால்ல. நீங்க மொதல்ல குடுத்த பாரத்துல இருந்து உங்க கையெழுத்த எடுத்துப் பதிவு பண்ணி வச்சிருக்கோம். நடுக்கம் இல்லாம நல்லா விழுந்திருக்கு. அதையே போட்டுக்கிறோம்."

சதாசிவம் நாற்காலியில் சாய்ந்தார். தினேஸ்வரி எழுந்து நின்றாள்.

"நான் சொல்றேன். அப்பா அடிச்சாரு. கதவுல நிக்கும்போதே தெரியும். உறுமியில சுத்துன மல்லி உதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு, காத்துல அடிச்சா பூ உதிருமா? அதான் பதினாலாவது மேசையில நின்னுட்டேன், உங்க பாட்டு முடியட்டும்னு. முடிஞ்சதும் அப்பாவக் கேட்டேன். அதுலதான் நடந்தேன்."

சதாசிவம் மகளைத் திரும்பிப் பார்த்தார். இது அவருக்கே புதுச் செய்தி.

"மணப்பெண் உணர்ச்சிவசப்பட்டவரா?" என்று புஷ்பலதா பாரத்தைப் பார்த்துப் படித்தார். "இதுக்குன்னே ஒரு கட்டம் இருக்கு." அதில் ஒரு சரி போட்டார். "விசாரணை முடிஞ்சது. கோலின், மூடிரு."

கோலின் மடிக்கணினியை மூடினான்.

சதாசிவம் பையிலிருந்து உறுமியை எடுத்துத் தோளில் மாட்டினார். வளைந்த குச்சியை இடப்பக்கத் தோலில் வைத்து, அழுத்தி, ஒரே இழுப்பாக இழுத்தார். கோப்பிக் கிண்ணங்கள் மேசையில் நகர்ந்தன. கீழே மசாலைக் கடையில் யாரோ விசிலடித்தார்கள்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மடிக்கணினியைப் பார்த்தார்கள்.

"கோலின், யாரு பிளே பண்ணது?" என்றார் டத்தோ.

"மூடியாச்சே, டத்தோ."

சதாசிவம் டத்தோவுக்கு எதிரே, இரண்டடி தூரத்தில், வலக்கைக் குச்சியால் ஓங்கி அடித்தார். டத்தோ குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். கோலின் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தான். தினேஸ்வரி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தாளம் போட ஆரம்பித்தாள். சதாசிவம் அவளைப் பார்த்து வேகத்தைக் கூட்டினார்.

புஷ்பலதா ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறுகையால் கூட்டக் குறிப்பில் எழுதினார்: 'மதியம் மூன்று பத்துக்கு அலுவலகத்தில் ஒரு சத்தம். எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. கலைஞர் சதாசிவம் உடனிருந்தார். அவர் கை மிக அழகாக அசைந்தது.'